இலங்கை துடுப்பாட்ட அணியில் உடற்தகுதியும் பொறுப்புடைமையும்

இலங்கை ஆண்கள் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அணி 1996 உலகக்கிண்ணத்தையும் 2014 இருபது20 உலகக்கிண்ணத்தையும் வென்ற அணியாகும். மகேல செயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோர் 2015இல் ஓய்வு பெற்ற பின் அணி தொடர்ந்து பின்னடைவைச் சந்தித்தது. தோல்விக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போதெல்லாம் வீரர்களின் உடற்தகுதி விவாதப் பொருளானது.

உடற்தகுதியின் தேவை

ஒருநாள் போட்டியில் ஓர் அணி 50 ஓவர்கள், அதாவது 300 பந்துகள், களத்தடுப்பில் நிற்கிறது. களைத்த உடலில் கவனம் சிதறும், பிடிகள் நழுவும், இரண்டு ஓட்டங்கள் எடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றே கிடைக்கும். எனவே அணிகள் உடற்தகுதியை அளந்து பார்க்கின்றன. இலங்கையில் முதன்மையாகப் பயன்பட்டவை இரண்டு: தாங்குதிறனைக் காட்டும் 2 கிலோமீட்டர் ஓட்டம், உடற்கொழுப்பைக் கணிக்கும் தோல்மடிப்பு அளவீடு. இவை உடலின் நிலையைக் காட்டுமேயன்றி ஆட்டத்திறனைக் காட்டா.

2017, 2018 நிகழ்வுகள்

2017 வாகையாளர் கிண்ணத் தோல்விக்குப் பின், வீரர்களின் உடற்தகுதியை விளையாட்டுத்துறை அமைச்சர் வெளிப்படையாகக் குறை கூறினார். அதற்குத் தொலைக்காட்சியில் பதிலளித்த லசித் மாலிங்கவுக்கு அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. அடுத்த மாதம் சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை 2–3 என இழந்ததும் அஞ்செலோ மத்தியூஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

பின்னர் மீண்டும் தலைவரான மத்தியூஸ், 2018 ஆசியக் கிண்ணத்தில் வங்காளதேசம், ஆப்கானித்தான் அணிகளிடம் தோற்றபின் நீக்கப்பட்டார். உடற்தகுதி போதாதென்று இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் அணியிலும் அவர் சேர்க்கப்படவில்லை. தாம் பலிகடா ஆக்கப்பட்டதாக அவர் வாரியத்துக்கு எழுதினார். அவ்வாண்டு திசம்பரில் வெலிங்டன் தேர்வுப் போட்டியின் நான்காம் நாள் முழுவதும் மத்தியூசும் குசல் மெண்டிசும் ஆட்டமிழக்காமல் நின்று, தோல்வியின் விளிம்பிலிருந்த அணியைக் காத்தனர். நூறு ஓட்டங்களைக் கடந்ததும் மத்தியூஸ் களத்திலேயே தண்டால் எடுத்துத் தம் உடற்தகுதியைக் காட்டினார்.

2022 விதிகளும் ஆசியக் கிண்ணமும்

2022 தொடக்கத்தில் 2 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான கால வரம்பு 8 நிமிடம் 10 வினாடியாகக் குறைக்கப்பட்டது. பிந்துவோரின் ஒப்பந்தத் தொகையில் பிடித்தம் செய்யவும் வாரியம் முடிவெடுத்தது. சனவரியில் பானுக ராஜபக்ச குடும்பப் பொறுப்புகளைக் காரணம் காட்டி ஓய்வு அறிவித்தார். புதிய உடற்தகுதி விதிகளில் அவருக்கு உடன்பாடில்லை என்றும் செய்திகள் வெளியாயின. சில நாள்களில் முடிவை மாற்றிக்கொண்டார்.

அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று துபாயில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. ராஜபக்ச 45 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 71 ஓட்டங்கள் எடுத்து ஆட்டநாயகனானார். பாக்கித்தானை 23 ஓட்டங்களால் வென்று இலங்கை கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதே ஆட்டத்தில் ராஜபக்சவின் பிடியொன்றை எடுக்க முயன்ற பாக்கித்தான் வீரர்கள் இருவர் எல்லைக்கோட்டருகே மோதிக்கொள்ள, பந்து ஆறு ஓட்டங்களுக்குச் சென்றது. அளவீட்டில் பின்தங்கியவர் வெற்றி தேடித் தரலாம். களத்தடுப்பில் நேரும் ஒரு பிழை ஆட்டத்தின் போக்கை மாற்றலாம். இவ்விரண்டுக்கும் அவ்வாட்டம் சான்றாயிற்று.

நிருவாகத்தின் பொறுப்பு

2023 உலகக்கிண்ணத்தில் வனிந்து அசரங்க காயத்தால் பங்கேற்கவில்லை; தலைவர் தசுன் சானக்க காயமுற்று இடையில் விலகினார். மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி, ஒன்பது ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. விளையாட்டுத்துறை அமைச்சர் வாரியத்தைக் கலைத்தார். நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசின் தலையீட்டைக் காரணம் காட்டி நவம்பர் 10 அன்று பன்னாட்டுத் துடுப்பாட்ட அவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது.

வீரருக்கு வினாடிக் கணக்கில் வரம்பு இருந்தது. தவறினால் ஊதியம் குறையும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தது. தேர்வாளர், பயிற்றுநர், வாரியம், அமைச்சு ஆகியோரின் பணிக்கு அவ்வாறான வெளிப்படை அளவுகோல் இருக்கவில்லை. இடைநிறுத்தம் 2024 சனவரியில் நீங்கியது. ஆயினும் உலகக்கிண்ணத்தில் முதல் எட்டு இடங்களுக்குள் வராததால், 2025 வாகையாளர் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பை இலங்கை இழந்தது.