கண்ணாடியினூடே செல்லும் மின்சாரம்

மும்பை மாநகரின் பெரும்பகுதிக்குக் குடிநீர் வழங்குவது பாண்டுப்பிலுள்ள சுத்திகரிப்பு நிலையமாகும். இத்தகைய நிலையங்களில் நீரின் அமில, காரத் தன்மையை அளக்கக் கண்ணாடி மின்வாய் பயன்படுகிறது. மண் பரிசோதனைக் கூடங்களிலும் இதனைக் காணலாம். மின்சாரத்தைக் கடத்தாதது எனக் கருதப்படும் கண்ணாடியாலான குமிழின் வழியே மின்சாரம் சென்றால்தான் இக்கருவி இயங்கும். இஃது எவ்வாறு நிகழ்கிறது?

கண்ணாடியில் சிலிக்கனும் ஆக்ஸிஜனும் வலைபோல் பிணைந்து நிற்கின்றன. சோடியம், லிதியம் அயனிகளோ அவ்வலையின் ஓர் இடைவெளியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. சூடான கண்ணாடியில் சோடியம் அயனிகளே மின்சாரத்தைச் சுமக்கின்றன என்பதை 1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி வார்பர்க் காட்டினார். ஆயினும் சாதாரண வெப்பநிலையில் இத்தாவல் மிக மந்தமானது. மின்வாயின் குமிழ் மிக மெல்லியதாக ஊதப்படுவதன் காரணம் இதுவே.

லிதியம் மின்கலங்களில் பெரிதும் பயன்படும் கரிமத் திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது. அதனிடத்தில் கண்ணாடியை வைத்தால் அவ்வபாயம் குறையும். இதற்கு இரு வழிகள் உள. முதலாவது, பாதையைக் குறுக்குவது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தார் 1990-களில் சுமார் ஒரு மைக்ரான் தடிப்புள்ள கண்ணாடிப் படலத்தால் இதனைச் சாதித்தனர். இரண்டாவது, ஆக்ஸிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தைச் சேர்ப்பது. கந்தகம் லிதியத்தை அத்துணை இறுகப் பற்றுவதில்லை. ஆதலால் அயனிகளின் வேகம் பன்மடங்கு உயர்கிறது.

எனினும் கந்தகக் கண்ணாடி ஈரக்காற்றுப் பட்டவுடன் சிதைந்து, நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். மும்பை போன்ற கடலோர நகரங்களில் இதனைத் தயாரிப்போர் முதலில் வெல்ல வேண்டியது காற்றின் ஈரத்தையே ஆகும்.