கிலோ கணக்கு மட்டும் போதாது. சரக்கின் வகையும் தெரிய வேண்டும்

ரெயிலில் சாமான் அனுப்பும் புனே தமிழர்கள் கவனத்துக்கு

புனேயில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஊருக்கு மூட்டை அனுப்புவதும், கம்பெனி குமாஸ்தாக்கள் வெளியூருக்குச் சரக்கு அனுப்புவதும் அன்றாடம் நடக்கும் காரியம். இரு சாராரும் கேட்கும் முதல் கேள்வி, "கிலோவுக்கு எவ்வளவு?" என்பதுதான். அது மட்டும் போதாது. "எந்த வகையில் வருகிறது?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டால்தான் பணம் மிச்சமாகும்.

100-ம் வகுப்பு

வாகன் கணக்கில் போகும் சரக்குகளை ரெயில்வே வகுப்பு வகுப்பாகப் பிரித்து இருக்கிறது. 100-ம் வகுப்பு அடிப்படை. 150-ம் வகுப்பில் உள்ள பொருளுக்கு, அதே தூரத்துக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். 1955-57-ல் இந்தக் கட்டண முறையை ஆராய்ந்த கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் தமிழரான ஏ.ராமசாமி முதலியார்.

ஒரு காலத்தில் பட்டியலில் 4 ஆயிரம் பொருட்கள் இருந்தன. தடித்த புத்தகத்தைப் புரட்டித்தான் வகுப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். 2005-06-ல் அவை சுமார் 80 பிரிவுகளாகச் சுருக்கப்பட்டன. தேடும் வேலை குறைந்தது. ஆனால் பட்டியலைத் திருத்தும்போது, பழகிய பொருள் வேறு வகுப்புக்குப் போய்விடுவதும் உண்டு. பழைய ரசீதைப் பார்த்து விலை சொல்லும் குமாஸ்தா அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

எந்த நாளும் மாறலாம்

முன்பு பிப்ரவரி மாதம் ரெயில்வே பட்ஜெட் வரும். கட்டணம் ஏறுமா, இறங்குமா என்று எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். 2016-ல் வந்ததே கடைசி ரெயில்வே பட்ஜெட். 2017 முதல் அது பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது. இப்போது ரெயில்வே போர்டு சுற்றறிக்கை மூலம் எப்போது வேண்டுமானாலும் மாற்றம் வரலாம்.

ஆகவே வாடிக்கையாளருக்கு விலை எழுதிக் கொடுக்கும்போது, "புக்கிங் நாளில் உள்ள ரெயில் கட்டணப்படி" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் வித்தியாசத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும். பேச்சைக் குமாஸ்தா கேட்க வேண்டும்.

மூட்டைக்கு வேறு கணக்கு

வீட்டுச் சாமான் பார்சலாகப் போனால் கணக்கு வேறு. அங்கே ரெயிலைப் பொறுத்துக் கட்டணம். ராஜதானிக்கு 'ஆர்', முக்கிய ரெயில்களுக்கு 'பி', மற்றவற்றுக்கு 'எஸ்' என்று பெயர். ஒரே மூட்டை, ஒரே ஊர். ரெயில் மாறினால் கட்டணம் மாறும். அவசரம் இல்லாத சாமானை எந்த ரெயிலில் போட்டால் மலிவு என்று கவுண்ட்டரில் கேட்பதில் தவறு இல்லை.

கூடவே எடுத்துச் செல்லும் லக்கேஜுக்கு, தூங்கும் வசதிப் பெட்டியில் 40 கிலோவும், இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் இலவசம். அதிகச் சுமையைப் புக் செய்யாமல் கொண்டு போய்ப் பிடிபட்டால் 6 மடங்கு கட்ட நேரிடும்.

இறங்கும் இடத்தில் பாக்கி

ரசீது கைக்கு வந்ததும் விஷயம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 78-வது பிரிவு, டெலிவரி கொடுப்பதற்கு முன் சரக்கை மறுபடி எடை போடவும், வகுப்பை மாற்றவும், விட்டுப்போன கட்டணத்தை வசூலிக்கவும் ரெயில்வேக்கு அதிகாரம் தருகிறது. புனேயில் எழுதிய தவறு திருநெல்வேலியில் வெளிப்படும். மூட்டையை எடுக்கப் போன வயதான தாயாரிடம் பாக்கி கேட்பார்கள்.

வேண்டும் என்றே பொய்யாக எழுதினால், குவிண்டாலுக்கு 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மதிப்பை எழுதுங்கள்

சாமானின் மதிப்பை எழுதி, அதற்குரிய சிறு தொகையைக் கட்டாவிட்டால், பொருள் தொலைந்தால் கிடைக்கும் நஷ்டஈடு மிகக் குறைவு. லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய். மற்றச் சரக்குக்கு 50 ரூபாய். அதுவே உச்ச வரம்பு. பார்சலில் போன 20 கிலோ தையல் மெஷின் காணாமல் போனால், கையில் வருவது 1,000 ரூபாய்க்கு மேல் இராது.

நஷ்டஈடு கேட்பதானாலும், அதிகம் வாங்கிய கட்டணத்தைத் திரும்பக் கேட்பதானாலும் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் ரசீதுதான். சாமான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அதன் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.