ஓ.டி.பி. முதல் காணி உறுதி வரை: முதியோர் காசு பறிபோகும் மூன்று வழிகள்

திருகோணமலைப் பக்கம் உவர்மலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ ஓய்வூதியத்தையும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசையும் நம்பி வாழும் முதியவர்கள் பலர். சீனக்குடா மா ஆலை போன்ற துறைமுகப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்ந்தவர்களுக்குச் சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வரும். வீடும் வளவும் தனி. ஏமாற்றுபவர்கள் குறிவைப்பது இவற்றைத்தான்.

தொலைபேசி வழி

“வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டை நிறுத்தப்படப் போகிறது” என்று அழைப்பு வரும். தபால் திணைக்களத்தின் பெயரில், பொதிக்குச் சிறு கட்டணம் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வரும். “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது” என்பார்கள். கதை எதுவானாலும் அட்டை விபரத்தையோ, கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தையோ கேட்பார்கள், இல்லையேல் முற்பணம் கேட்பார்கள். உங்களுக்குக் காசு அனுப்பக் கணக்கு இலக்கம் போதும். ஓ.டி.பி. என்பது காசை எடுக்க நீங்கள் கொடுக்கும் சம்மதம்.

பிள்ளையின் படத்தோடு புது இலக்கத்திலிருந்து “அம்மா, அவசரமாக் காசு வேணும்” என்று வாட்ஸ்அப்பில் வந்தால், உங்களிடமுள்ள பழைய இலக்கத்துக்கு எடுத்துப் பேசிப் பாருங்கள்.

அதிக வட்டி வழி

கோல்டன் கீ என்ற கடன் அட்டை நிறுவனம், வைப்புப் பெற அனுமதி இல்லாமலே அதிக வட்டி சொல்லிக் காசு திரட்டி 2008இல் முறிந்தது. ஓய்வுகாலச் சேமிப்பைப் போட்டவர்களும் அதில் சிக்கினார்கள். ஒன்மெக்ஸ் டி.டி., எம்.டி.எஃப்.இ. போன்றவை தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி 2023இல் அறிவித்தது.

இவற்றைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். அவரே ஏமாந்தவராகவும் இருப்பார். அதனால் ஆளைப் பார்க்காமல் அனுமதியைப் பாருங்கள். மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் கேட்கலாம். அனுமதி பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்தால், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை தரும். அனுமதியற்ற இடத்தில் போட்ட காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வீட்டு வழி

வெளியில் சொல்லத் தயங்குவது இதைத்தான். ஏ.டி.எம். அட்டையும் பின் இலக்கமும் உறவினர் கையில் இருக்கும். எவ்வளவு எடுத்தார் என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். மாதம் ஒருமுறை கணக்கறிக்கையைப் பார்ப்பது உங்கள் உரிமை, அது சந்தேகப்படுவதாகாது.

காணியை நன்கொடை உறுதியாக எழுதும்போது உங்கள் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால், காணி பிள்ளையின் பெயருக்குப் போனாலும் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமை உங்களுடையது. அற்றோர்ணித் தத்துவம் கொடுப்பதானால் இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதுங்கள். தேவை முடிந்ததும் இரத்துச் செய்யுங்கள். வாசித்துக் காட்டாத எதிலும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் துன்பப்படுபவர்களுக்கும் வழியுண்டு. நன்கொடை பெற்றவர் மிகுந்த நன்றிகேடாக நடந்தால் உறுதியை நீக்கக் கோரி வழக்கிட 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளைகள் கைவிட்டால், 60 வயது கடந்தவர்கள் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி பராமரிப்புக் கேட்கலாம். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

காசு போய்விட்டால்

உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையையும் கணக்கையும் நிறுத்துங்கள். அடுத்து பொலிஸ், 119. இணைய மோசடியானால் இலங்கை சேர்ட் (கணினி அவசர உதவி அமைப்பு), 101. குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி.

சில நாட்களில் இன்னொருவர் அழைத்து, சிறு கட்டணம் கட்டினால் போன காசை மீட்டுத் தருவதாகச் சொல்லக்கூடும். அவருக்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள்: ஏமாந்தவர்களைத் தேடி வரும் இரண்டாவது மோசடி அது.