ஒரு மில்லிவாட் இரைச்சல்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய மாருதி ஆம்னி வேனில் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை விரித்து, ஆலத்தூர் நாட்டுப் பக்கம் இரண்டு இரவு தங்கிவரக் கிளம்புகிறவர்களை அந்த வளைவுகளில் வாட்டுவது சத்தம்தான். ஆம்னியின் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது: 796 சிசி, மூன்று சிலிண்டர். இரண்டாவது கியரில் அது திணறி இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேசவேண்டும். 1984-இல் விற்பனைக்கு வந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால், இன்று ஓடுகிற ஆம்னிகளில் பெரும்பாலானவை தகரம் தளர்ந்தவை, ரப்பர் இறுகிப்போனவை.

இவ்வளவு பாடுபடுத்தும் சத்தத்தில் உள்ள ஆற்றல் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 80 டெசிபல் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு வாட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வேனின் உட்பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் என்று கொண்டால், மொத்தமாக ஒரு மில்லிவாட். முழு வேகத்தில் அந்த எஞ்சின் தருவதோ ஏறத்தாழ 26 கிலோவாட். டேஷ்போர்டில் மினுக்கும் சின்ன விளக்குகூட இந்த இரைச்சலைவிட அதிக ஆற்றல் தின்னும். நம் காது அத்தனை நுட்பமான கருவி. அந்தத் துளி ஆற்றலை வழியிலேயே வெப்பமாக மாற்றிவிட்டால் வண்டி அடங்கிவிடும். எங்கே, எதை வைத்து மாற்றுவது என்று தெரியாததால்தான் பலரும் காசைக் கொட்டிவிட்டு, சத்தம் குறையவில்லையே என்று வருந்துகிறார்கள்.

கூரையில் தொடங்கலாம். ஆம்னியின் கூரையும் பக்கத் தகடுகளும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டவை. விரலால் தட்டினால் ‘டங்’கென்று நீளமாக ஒலிக்கும். மலைமழை கொட்டும் இரவில் உள்ளே படுத்திருப்பவருக்கு அது மத்தளம். மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்பு இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் எடை சேர்ந்ததும் தோலின் அதிர்வே மாறிவிடும். வலப்பக்கத்துக் கரும்பூச்சான கரணை மேற்சுரங்களை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று சர் சி.வி. ராமன் 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். வேன் தகட்டுக்கும் நடுவில் ஒட்டுவதுதான் வழி. ஆனால் அங்கே சுருதி சேர்ப்பது நோக்கமில்லை, ஒலியைக் கொல்ல வேண்டும். அதற்கு வெறும் எடை போதாது. பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய ‘டேம்பிங் ஷீட்’ கார் அலங்காரக் கடைகளில் கிடைக்கிறது. தகடு வளையும்போது அலுமினியம் நீள மறுக்கும்; இடையில் சிக்கிய ரப்பர் இருபக்கமும் இழுபட்டு, அதன் மூலக்கூறுகள் உரசி லேசாகச் சூடாகும். அதிர்வு அங்கேயே செத்துவிடும். ஒட்டியபின் தட்டிப் பாருங்கள், ‘தட்’டென்று நின்றுவிடும்.

தகடு முழுக்க ஒட்டவேண்டியதில்லை. அதிர்வு மிகுதியாக இருப்பது நடுவில். பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடினாலே பலனில் பெரும்பகுதி வந்துவிடும். மலிவு என்று தார் ஷீட்டை வாங்கிக் கூரையில் ஒட்டாதீர்கள். நாமக்கல் வெயிலில் அது இளகி நாறும், தொங்கும்.

காற்றில் வரும் சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. அதற்குத் தேவை எடை. தடுப்பின் எடையை இருமடங்காக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும். காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்ற 10 டெசிபல் குறையவேண்டும், அதாவது எடை மூன்று மடங்குக்கு மேல் ஆகவேண்டும். தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோ. வண்டி முழுக்க அப்படிக் கனமாக்கினால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். அந்தச் சின்ன எஞ்சின் இரண்டு பேரைக் கூடுதலாக மலைமேல் வரை சுமந்து ஏற வேண்டியிருக்கும். இன்னும் உரக்க அலறும். ஆகவே கனமான ரப்பர் விரிப்பை எஞ்சின் மூடியின் மேலும் முன்பக்கத் தரையிலும் மட்டும், அடியில் மெல்லிய நுரை வைத்துப் போடுவதே என் சிபாரிசு.

அதற்கும் முன்னால் சந்துகளை அடையுங்கள். சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. தள்ளுகதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் பீடிங் ரப்பரை மாற்றவேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள எஞ்சின் மூடியின் ஓர ரப்பர், கியர் கம்பி நுழையும் துளை, ஒயர் துளை எல்லாவற்றையும் கவனியுங்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

கடைசியாக வரவேண்டிய நுரைப்பஞ்சைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். சிலர் முட்டை அட்டைகளை ஒட்டுகிறார்கள். நாமக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அதில் எடையும் இல்லை, தடிமனும் இல்லை. தீ மட்டும் நன்றாகப் பிடிக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது அதன் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 3.4 மீட்டர், ஆம்னியின் நீளம் 3.37 மீட்டர்! வேனளவு நீண்ட அலையை ஓரங்குல நுரை என்ன செய்துவிடும்? அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது 85 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். அடிவயிற்றில் முட்டும் அந்த ‘ஊம்’ ஒலிக்கு மவுண்டிங்கும் சைலன்சரும்தான் மருந்து. நுரையும் நாரும் உறிஞ்சுவது டயர் சீறல், காற்றிரைச்சல் போன்ற மேல்சுருதிகளை.

அதிலும் கொல்லிமலைக்கு ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு: ஈரம். குளிர் இரவில் நம் மூச்சின் நீராவி தகட்டில் வியர்க்கும். திறந்த துளைகளுள்ள நுரை அதைக் குடித்துத் தகட்டைத் துருவேற்றும், பருத்திக் கழிவுத் திண்டு பூஞ்சை பிடிக்கும். தென்னைநார் எளிதில் அழுகாது, ஆனால் இழை தடித்தது என்பதால் அதிகத் தடிமன் கேட்கும். நீர் குடிக்காத பாலியஸ்டர் நார்த் திண்டுதான் இங்கே சரி. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மறந்தும் மூடிவிடாதீர்கள்.

சத்தம் அடங்கிய வண்டியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எடை தடுப்பது முதலில் உயர்ந்த சுருதிகளைத்தான். 80 ஹெர்ட்ஸ் உறுமலைவிட 400 ஹெர்ட்ஸ் அளவிலான ஹாரன் ஒலி ஏறக்குறைய 14 டெசிபல் அதிகமாகத் தடுக்கப்படும். எஞ்சின் ஓரளவு கேட்கும். எதிரே இறங்கிவரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காமல் போகலாம். வளைவுகளில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். இரவில் படுக்கும்போதும் இரண்டு ஜன்னல்களை விரலளவு திறந்து வையுங்கள், உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். சந்தெல்லாம் அடைத்த வேனில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.