பழைய இரும்புத் தாது நிலம்: பொக்லைன் வருமுன் கைப்பேசியை எடுங்க

சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் கனமான கருங்கல் துண்டின் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டு போங்க, ஒட்டிக்கொள்ளும். அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சேலம் பகுதித் தாது காவிரி, கொள்ளிடம் வழியாகப் படகில் அங்கே போனது. அதை உருக்க மரக்கரிதான் எரிபொருள். கரிக்காகக் காடுகள் அழிந்தன. லாபம் இல்லாமல் ஆலையும் மூடப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்மக்கள் சிறு உலைகளில் இரும்பு உருக்கிவந்தார்கள்.

சுரங்கம் என்றதும் ஆழமான பள்ளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காலத்தில் மலையிலிருந்து சரிந்து கிடந்த கற்களையும் ஓடை மணலில் தங்கிய தாதுவையுமே அதிகம் சேகரித்தார்கள். இதனால் இரும்புக் கசடு, உடைந்த சுடுமண் குழாய், கரி, உலைச்சூட்டில் சிவந்த மண் போன்ற தடயங்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே இருக்கும். பார்ப்பவருக்கு அது வெறும் தரிசு. ஓரடி மண்ணை வழித்தாலே எல்லாம் போயிடும்.

உங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் இருந்தால் செய்ய வேண்டியவை:

1. எதையும் எடுக்காதீங்க, தோண்டாதீங்க. கசடு எங்கே, எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் சான்று. வீட்டு அலமாரியில் அது வெறும் கல்.

2. கைப்பேசியில் இருப்பிட வசதியை இயக்கி, கிடந்தபடியே படம் எடுங்க.

3. வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்க. நிலம் புறம்போக்கா, பட்டாவா என்று தெரிந்துவிடும். காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் சொல்லணும்.

4. படமும் புல எண்ணும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் மனு கொடுங்க. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அரசு அறிவிக்க முடியும்.

5. கிராம சபையில் தீர்மானம் போட்டு மனுவோடு இணையுங்க. தனி ஆள் குரலைவிட ஊர்க் குரலுக்கு வலு அதிகம்.

மண் அள்ளுவதை நேரில் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். வட்டாட்சியருக்கோ, முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-க்கோ உடனே சொல்லுங்க. பட்டா நிலமாக இருந்தாலும், விற்பதற்கு மண் அள்ள கனிமவளத் துறை அனுமதி வேண்டும்.

வெட்டிய மரத்துக்குப் பதில் வேறு மரம் நடலாம். கலைந்துபோன இந்த மண்ணை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.