குறைந்த செலவுச் சூரிய வடிகலன்களை மேம்படுத்தல்: மதுரைச் சமவெளியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மதுரை நகரைச் சூழ்ந்த சமவெளியின் அடியில் பெரும்பாலும் கடும்பாறையே உள்ளது. சார்னோகைட்டு, நைசு முதலிய பாறைகளின் வெடிப்புகளில் தேங்கிய நீரே கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் கிடைக்கின்றது. நெடுங்காலம் பாறையோடு தொடர்பிலிருக்கும் இந்நீரில் உப்புகளும், சில இடங்களில் ஃபுளோரைடும் கரைந்துள்ளன. மதுரையை அடுத்த நிலக்கோட்டை வட்டாரத்தின் ஃபுளோரைடுச் சிக்கல் ஆய்வுலகம் அறிந்ததே. இத்தகைய நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும், ஃபுளோரைடு நீங்காது. நீரின் அளவு குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

காய்ச்சி வடித்தல் இவ்வுப்புகளை நீக்கும். அதற்குத் தேவையான வெப்பத்தைக் கதிரவனிடமிருந்து பெறும் எளிய அமைப்பே சூரிய வடிகலன். அதன் விளைச்சலைப் பெருக்கும் வழிகள் பல ஆராயப்பட்டுள்ளன. அவற்றை விளைச்சல் உயர்வின் விழுக்காட்டால் மட்டும் மதிப்பிடுவது போதாது என்பதும், ஒரு குடும்பத்தின் அன்றாடக் குடிநீர்த் தேவைக்கு எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதே ஏற்ற அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

செயல்முறையும் அதன் எல்லையும்

கருமை பூசிய ஆழமற்ற தொட்டி, அதன்மேல் சாய்வாகப் பொருத்திய கண்ணாடி, கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஒரு வடிகால் ஆகியவையே வடிகலனின் உறுப்புகள். வெயிலால் சூடேறிய நீர் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் குளிர்ந்து, வழிந்து, வடிகாலில் சேர்கின்றது. 1872இல் சிலி நாட்டின் லாஸ் சலினாசில் 4,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் இம்முறை செயற்படுத்தப்பட்டது. இந்தியாவில், குசராத்தின் பாவ்நகருக்கு அருகிலுள்ள அவானியா ஊரில் 1978இல் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் திறனுடைய நிலையம் நிறுவப்பட்டது.

இக்கலனின் விளைச்சலுக்கு இயற்பியல் ஓர் எல்லையை வகுத்துள்ளது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 5 கிலோவாட் மணி, அதாவது 18 மெகாஜூல் சூரிய ஆற்றல் விழுவதாகக் கொள்வோம். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.35 மெகாஜூல் தேவை. ஆற்றல் முழுதும் பயன்பட்டாலும் 7.6 லிட்டருக்கு மேல் கிடைக்காது. கண்ணாடியின் எதிரொளிப்பு, பக்கச் சுவர்களின் வெப்பக் கசிவு போன்ற இழப்புகளால் எளிய கலனின் பயனுறுதிறன் 30 முதல் 40 விழுக்காடு அளவிலேயே அமைகின்றது. ஆகவே 2.3 முதல் 3 லிட்டர் வரை எதிர்பார்க்கலாம்.

தென்மாவட்ட ஆய்வுகள்

இவ்விழப்புகளைக் குறைப்பதில் தென்தமிழக ஆய்வாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஸ்ரீதர், வேல்முருகன் முதலியோருடன் இணைந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கலனில் மூன்று மாற்றங்கள் ஒப்பிடப்பட்டன. சாதாரணக் கலனைவிடத் திரித்துணி 29.6 விழுக்காடும், ஸ்பாஞ்சு 15.3 விழுக்காடும், தொட்டியின் அடியில் பொருத்திய துடுப்புத் தகடுகள் 45.5 விழுக்காடும் மிகுதியான விளைச்சலைத் தந்தன. கோவில்பட்டி தேசியப் பொறியியல் கல்லூரியின் காளிதாச முருகவேல், ஸ்ரீதர் ஆகியோர் மிகக் குறைந்த ஆழமுள்ள நீரில் துணி, தேங்காய்நார், குவார்ட்சைட்டுக் கல், செங்கல் துண்டுகள் முதலியவற்றைச் சோதித்தனர். திரிப்பொருள்களுள் மெல்லிய கரும்பருத்தித் துணியும், வெப்பந்தேக்கும் பொருள்களுள் குவார்ட்சைட்டுக் கல்லும் சிறந்தவையாக அமைந்தன.

நீரின் ஆழத்தைக் குறைப்பதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு சதுர மீட்டர் தொட்டியில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்பினால் அதன் நிறை 50 கிலோ. அதனை 30 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த 6.3 மெகாஜூல் வேண்டும். இது நாள் முழுதும் விழும் ஆற்றலில் மூன்றிலொரு பங்குக்கு மேல். ஆழம் 1 சென்டிமீட்டரானால் 1.25 மெகாஜூல் போதும். ஆழமான நீர் தேக்கிய வெப்பத்தில் ஒரு பகுதி இரவில் ஆவியாதலுக்குப் பயன்படும்; எஞ்சியது வீணாகும். ஆனால் நீர் மெல்லிய படலமாகும்போது தொட்டியின் சில இடங்கள் உலர்ந்துவிடும். துணி நீரை உறிஞ்சிப் பரப்புவதால் அக்குறை நீங்குகின்றது.

உவர்நீரும் பராமரிப்பும்

கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உள்ள நீரில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியானால் 6 கிராம் உப்பு எஞ்சும். ஒரு மாதத்தில் 180 கிராம். இது துணியின் மேல் வெண்படலமாகப் படிந்து, கதிர்களை எதிரொளித்து, துணியால் பெற்ற ஆதாயத்தைக் குறைக்கும். ஆகவே நாள்தோறும் காலையில் எஞ்சிய நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவதும், துணியை அவ்வப்போது அலசுவதும் இன்றியமையாதவை. துடுப்புத் தகடுகளின் இடுக்குகளில் படியும் உப்பைச் சுரண்டுவது எளிதன்று. துணியையோ கழற்றித் துவைக்கலாம், மாற்றலாம். விழுக்காட்டில் துடுப்பு முந்தினும் மதுரை வட்டாரத்து நீருக்குத் துணியே ஏற்றதெனக் கருத இது இடந்தருகின்றது.

மேலுறையாக நெகிழித்தாள் மலிவானது. எனினும் அதில் நீர் படலமாகப் பரவாமல் துளிகளாக நின்று ஒளியைத் திருப்பும். சாய்வு குறைந்திருப்பின் துளிகள் தொட்டியிலேயே விழும். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால் இங்குச் சாய்வு குறைவாகவே வைக்கப்படும். ஆதலின் தூய கண்ணாடியே பொருத்தமானது. கண்ணாடியின் வெளிவிளிம்பிலும் ஒரு வடிகால் அமைத்தால், மேகமூட்டத்தால் விளைச்சல் குறையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைநீரைச் சேர்க்கலாம். 10 மில்லிமீட்டர் மழையில் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் கிடைக்கும்.

கலந்து பயன்படுத்தல்

நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் பருகவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 12 லிட்டர் வேண்டுமெனக் கொள்வோம். சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வீதம் 4 சதுர மீட்டர் கலன் தேவை. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுத்துள்ளது. வெப்பமிகு பகுதியில் மக்கள் மிகுதியாக நீர் பருகுவதால் 1.0 மில்லிகிராமையே இலக்காகக் கொள்வது நன்று. கிணற்று நீரில் 2 மில்லிகிராம் இருப்பின், அதனுடன் சம அளவு வடிநீர் கலந்தால் இவ்விலக்கை அடையலாம். அப்போது வடிநீர்த் தேவை 6 லிட்டராகவும், கலனின் பரப்பு 2 சதுர மீட்டராகவும் குறையும். துணியால் 30 விழுக்காடு விளைச்சல் கூடினால் ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர் போதும். வடிநீரில் இல்லாத தாதுக்களும் சுவையும் இக்கலப்பால் ஓரளவு மீள்கின்றன.

இதற்கு வரம்புகள் உண்டு. கிணற்று நீரில் 4 மில்லிகிராம் இருப்பின் மூன்று பங்கு வடிநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீரே கலக்கலாம். அப்போது 9 லிட்டர் வடிநீர் வேண்டும். கலக்கும் நீரைக் காய்ச்சிக் கிருமிநீக்கம் செய்தல் கட்டாயம். பருவந்தோறும் கிணற்று நீரின் ஃபுளோரைடைச் சோதித்துக் கலப்பு விகிதத்தை முடிவு செய்தலும் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட கணக்கின்படி, தேவையான பரப்பை 4 சதுர மீட்டரிலிருந்து பாதியாகக் குறைத்தது கலப்பு முறை; அதனை மேலும் குறைத்தது ஒரு பருத்தித் துணி. இரண்டும் செலவு மிகாதவை. தெளிந்த வெயில் நாளொன்றின் அளவீடு ஓராண்டின் சராசரியாகாது. தூய நீரில் பெற்ற விழுக்காடு உவர்நீரில் அப்படியே நிலைக்காது. எனவே இனிவரும் ஆய்வுகள் வட்டாரக் கிணற்று நீரையே பயன்படுத்தி, உப்புப் படிவையும் பராமரிப்பு உழைப்பையும் சேர்த்து, ஆண்டு முழுதும் அளந்து பதிவு செய்தல் வேண்டும். அப்போதுதான் ஆய்வுக்கூட விழுக்காடு ஒரு வீட்டின் குடத்துக்குரிய அளவாக மாறும்.