பாரம் குறையலாம், பலம் குறைய வேண்டாம்!

"இனிமே கனமா எதையும் தூக்காதீங்கம்மா, முதுகு தாங்காது" என்று நாமக்கல்லில் டாக்டர் சொன்னபோது எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம்தான். கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டு 23 வருஷம் ஆகிறது. விறகுக் கட்டும், தண்ணீர்க் குடமும், மரவள்ளி மூட்டையும் தூக்கித் தூக்கித்தான் இந்தக் கையும் தோளும் உரம் ஏறியிருக்கின்றன. "எல்லாத்தையும் விட்டுட்டா உடம்பு தளர்ந்து போயிடாதா டாக்டர்?" என்று கேட்டே விட்டேன்.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் என் மாமியார்.

எங்கள் மலையில் அந்தக் காலத்துச் சாப்பாடு சாமையும், தினையும், கேழ்வரகும்தான். சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்து குத்தென்று குத்திப் புடைக்கணும். 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களுக்காகப் பாடுபட்டது. பிற்பாடு உமி நீக்கும் இயந்திரங்களும் வந்தன. பெண்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை! அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்த என் மாமியாருக்கு நாலைந்து வருஷத்தில் கை மெலிந்து, தொடை மெலிந்து போயிற்று. ஒருநாள் தரையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. "கையக் குடு கண்ணு" என்று என்னைக் கூப்பிட்ட அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாரத்தை இறக்கியது தப்பில்லை. அதற்குப் பதிலாக ஒன்றும் வைக்காததுதான் தப்பு!

தசைக்குத் தராசு தெரியாது

டாக்டர் என்னை அதே ஆஸ்பத்திரியில் இருந்த பிஸியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை என் கவலையைத் தீர்த்தது: "எத்தனை கிலோன்னு உங்க தசைக்குத் தெரியாதும்மா. எவ்வளவு சிரமப்பட்டோம்கிறதுதான் அதுக்குத் தெரியும்."

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சி அது. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய 49 வாலிபர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு கனமான எடையை ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 தடவை தூக்கியது. இன்னொரு குழு லேசான எடையை 20 முதல் 25 தடவை. இரண்டு குழுவும் "இனி முடியாது" என்கிற வரை தூக்கவேண்டும். 12 வாரம் கழித்துப் பார்த்தால் தசை வளர்ச்சியில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை!

இதை மாமியாரிடம் சொன்னேன். "இதுக்கு கனடா வரைக்கும் போகணுமா? உலக்கை என்ன பெரிய கனமா? குத்தற எண்ணிக்கைதானே கை வலுவு" என்றார். தராசில் வைத்துப் பார்த்தோம். மூன்றரைக் கிலோதான்!

எப்படி மாற்றுவது?

நான் செய்துவருகிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் எடையைப் பாதியாக்குங்கள். 10 கிலோவை 10 தடவை தூக்கிப் பழகியவர் 5 கிலோவை 20, 25 தடவை தூக்கலாம். கடைசி இரண்டு மூன்று தடவை கை கெஞ்ச வேண்டும். சிரமமே இல்லாமல் 25 வந்துவிட்டதா? அப்படியானால் அந்த எடை போதாது. கொஞ்சம் கூட்டுங்கள்.

மேலே தூக்கும்போது மூச்சை விடுங்கள். இறக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். மூச்சை அடக்கவே கூடாது.

இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு கிலோ. கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டலாம். துணிப்பையில் அரிசியோ மணலோ போட்டு, ஒரு கையை மேஜையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் பையை இடுப்பு வரை இழுக்கலாம். சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தண்டால் எடுக்கலாம். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழலாம். அடுப்படியில் பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் குதிகாலைத் தூக்கி இறக்கலாம். ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

தினமும் வேண்டுமா?

வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அறிவுரை. இடையில் ஒருநாள் ஓய்வு விடுங்கள்.

வந்த பலத்தைக் காப்பாற்ற, அதைச் சம்பாதிக்கப் பட்ட பாடு அத்தனையும் தேவையில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் 2011-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், 16 வாரம் பயிற்சி செய்தவர்கள் அதன்பின் அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தும், 20 முதல் 35 வயதுக்காரர்களுக்குத் தசை 32 வாரம் வரை கரையவில்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கோ அது போதவில்லை. கைக்குழந்தையோடு அல்லாடும் இளம் தாய்மார்களே, வாரம் ஒருநாள்தான் முடிகிறதா? அதையாவது விடாதீர்கள். என் வயதுக்காரர்கள் இரண்டு மூன்று நாள் செய்வதுதான் புத்திசாலித்தனம். 30 வயதைத் தாண்டினாலே பத்து வருஷத்துக்கு 100-க்கு 3 முதல் 8 பங்கு தசை குறையும் என்கிறார்கள். மாதவிலக்கு நின்றபின் எலும்பும் சேர்ந்தே தேயும்.

தட்டிலும் பலம் வேண்டும்

பயிற்சி மட்டும் செய்து, கஞ்சித் தண்ணியோடு நிறுத்திக்கொண்டால் பலனில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்கு. 50 கிலோ இருப்பவருக்குச் சுமார் 42 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் இருக்கிறது. கொள்ளு ரசம், மொச்சைக் குழம்பு, வேர்க்கடலை எல்லாம் கைக்கு எட்டியவைதானே! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு வழித்ததைச் சாப்பிடும் வழக்கத்தை மட்டும் விடுங்கள்.

ஜாக்கிரதை!

ரத்தக் கொதிப்பு, இதய நோய், குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தசை சோர்வது வேறு, மூட்டில் சுருக்கென்று வலிப்பது வேறு. வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

நான் இப்படி ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. குடம் தூக்குவதை விட்டுவிட்டேன். அது மகன் வேலை. முதுகு வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. ரவிக்கைக் கை தொளதொளக்கவும் இல்லை! மாமியாரும் என்னோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார். முதல் வாரம் மூன்று தடவைதான் முடிந்தது, அதுவும் கை ஊன்றி. போன பொங்கலன்று தரையில் இலை போட்டுச் சாப்பிட்டவர், தானாகவே எழுந்தார். கை கொடுக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு, "போ கண்ணு, உன் வேலையப் பாரு" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்கத்தானே இத்தனை பாடும்! நீங்களும் நாளைக்கே ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஆரம்பியுங்களேன்.